அறைக்குள் பீட் போடும் தம்பி தங்கைகளுக்கு



சென்னையோ சேலமோ, யாழ்ப்பாணமோ கிள்ளானோ, ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியில் பீட் போடுகிறவர்கள் நீங்கள். மின்விசிறி ஓடினால் மைக்கில் இரைச்சல் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பாடிப் பதிவு செய்கிறவர்கள். பழைய பாட்டு ஒன்றின் வேகத்தைக் குறைத்து, ரிவெர்பை ஏற்றி, அடியில் 808 பேஸைப் போட்டு, விடிவதற்குள் யூடியூபிலோ சவுண்ட்கிளவுடிலோ ஏற்றிவிடுகிறீர்கள். அந்தச் சொக்கவைக்கும் ஒலிக்கு க்ளவுட் ராப் என்று பெயர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதை முதலில் செய்தவர்கள் யார், அவர்களுடைய பாட்டெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு தொலைந்துபோனது என்பது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. இந்த மடல் அதைப் பற்றியது. கடைசியில் ஒரு வேண்டுகோளும் உண்டு.

கதையை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நட்லி என்ற ஊரில் தொடங்கலாம். மைக்கேல் வோல்பி என்ற இளைஞர் அங்கே பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மருத்துவமனைப் பயிற்சி. மீதி நேரத்தில் தாயார் வீட்டில் உட்கார்ந்து பீட். க்ளாம்ஸ் கசினோ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அது சிப்பியில் செய்யும் ஒரு பலகாரத்தின் பெயர். சாம்பிளுக்காகக் கடை கடையாக ஏறிப் பழைய இசைத்தட்டுகளைக் கிளறுவது ஹிப் ஹாப்காரர்களின் வழக்கம். வோல்பிக்கு அந்தப் பாடு இல்லை, லைம்வயர் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கணினியில் உள்ள பாட்டுகளை ஒருவருக்கொருவர் காசில்லாமல் கொடுத்து வாங்கிய மென்பொருள் அது. அதன் தேடல் பெட்டியில் 'குளிர்', 'நீலம்' என்று மனதில் பட்ட ஆங்கிலச் சொல்லைத் தட்டுவார். வந்து விழுவதைக் கேட்பார். பாடியது யார், அது எந்த வகை இசை என்றெல்லாம் பார்ப்பதில்லை. காதுக்குப் பிடித்த சில வினாடிகள் கிடைத்தால் போதும்.

அந்த வீட்டில் வெட்டப்பட்ட குரல்களில் ஒன்று இமோஜன் ஹீப் என்ற இங்கிலாந்துப் பாடகியுடையது. 2005இல் வந்த அவருடைய 'ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்' தொகுப்பில் 'ஜஸ்ட் ஃபார் நவ்' என்றொரு பாட்டு. வோல்பி அதிலிருந்து குரல் துணுக்குகளை எடுத்து, வெட்டி, சொற்கள் புரியாத அளவுக்குக் குழைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அதன்மேல் கனத்த டிரம். ஹெட்போனில் கேட்டால் இது எப்படி வேலை செய்கிறது என்று பிடிபடும். குரல் ஒரு சொல்லைச் சொல்ல வருவதுபோல் எழுந்து, சொல்லாமலேயே கரைகிறது. அது கரையும் இடத்தில் அடுத்த துணுக்கு எழுகிறது. தாளம் அந்த இடைவெளியை அவசரப்பட்டு நிரப்புவதில்லை, பின்தங்கி வந்து கனமாக விழுகிறது. கேட்கிறவருக்கு இது சோகமா பரவசமா என்று முடிவு செய்ய முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கவிடுவதுதான் இந்த வகை இசையின் மொத்த வித்தை. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பீட்களில் இந்த ஒன்றின் சாயல் உண்டு.

வோல்பி தன் பீட்களை அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் வழியாகப் பல ராப்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பதில் போட்டவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த பிராண்டன் மெக்கார்ட்னி, அதாவது லில் பி. ஹீப்பின் குரலை வெட்டிச் செய்த அந்தப் பீட்டின் மேல் இருவரும் சேர்ந்து செய்த 'ஐம் காட்' 2009இல் வந்தது. நாட்டின் கிழக்குக் கோடியில் ஒருவர், மேற்குக் கோடியில் ஒருவர். ஒலிப்பதிவுக் கூடமும் இல்லை, நடுவில் கம்பெனியும் இல்லை.

லில் பி தனி மனிதர் என்பதைவிட ஒரு தொழிற்சாலை என்பது பொருத்தம். பதின்ம வயதிலேயே 'தி பேக்' என்ற குழுவில் இருந்தார். 2006இல் அவர்களுடைய 'வேன்ஸ்' என்ற காலணிப் பாட்டு ஓரளவு ஓடியது. கம்பெனி வழியில் மேலே போகலாம் என்ற நிலையில் அவர் வேறு வேலையில் இறங்கினார். மைஸ்பேஸில் ஒரு பக்கத்தில் சில பாட்டுகளுக்குத்தான் இடம் என்றதும், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களைத் திறந்து எல்லாவற்றிலும் பாட்டைக் கொட்டினார். 2012இல் ஒரே மூச்சில் 855 ஃப்ரீஸ்டைல்களை இலவசத் தொகுப்பாக வெளியிட்டார். எதுகையைப் பற்றிக் கவலையில்லை, தாளத்தில் உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனதில் தோன்றியதைத் தயங்காமல் சொல்வதற்கு அவர் வைத்த பெயர் 'பேஸ்ட்'. 2010இல் வந்த 'ரெயின் இன் இங்கிலாந்து' தொகுப்பில் டிரம்மே கிடையாது. மிதக்கும் சின்தசைசர் மேல் பேச்சு மட்டும். டிரம் இல்லாமல் ஒரு ராப்பர் முழுத் தொகுப்பு போடுவது அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. இன்று கேட்டாலும் பாதிக்கு மேல் பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் அந்தத் துணிச்சல் இல்லாமல் பின்னால் வந்த பலர் இல்லை.

இந்த வகைக்குப் பெயர் வந்த விதமும் அவரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. ஒரு நேர்காணலில் மேகங்களுக்கு மேல் மிதக்கும் கோட்டையின் கணினி ஓவியத்தைக் காட்டி, இந்த மாதிரி இசையைத்தான் செய்ய நினைக்கிறேன் என்றாராம். விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

லில் பி பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2011இல் கூடைப்பந்து நட்சத்திரம் கெவின் டூரான்ட், இவர் பாட்டைக் கேட்கவே மனம் வரவில்லை என்று ட்விட்டரில் எழுதிவிட்டார். லில் பி சாபம் கொடுத்தார்: கோப்பை கிடைக்காது. அடுத்த ஆண்டு டூரான்ட்டின் அணி இறுதிச் சுற்றில் தோற்றது. 2016இல் டூரான்ட் லில் பியின் சொந்தப் பகுதி அணியான கோல்டன் ஸ்டேட்டுக்கு வந்ததும் சாப விமோசனம், 2017இல் கோப்பை. புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை ரொம்பவே பழக்கமானது. சாபம் கொடுத்த இதே மனிதரைத்தான் 2012இல் நியூயார்க் பல்கலைக்கழகம் அழைத்துப் பேசவைத்தது.

இனி ஒலிக்கு வருவோம். மிதக்கும் ராப் இணையத்தில்தான் பிறந்தது என்றாலும், மெதுவாக்கும் வித்தை டெக்சாஸின் ஹூஸ்டனிலிருந்து வந்தது. 1990களில் டீஜே ஸ்க்ரூ என்ற ராபர்ட் ஏர்ல் டேவிஸ், இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளில் ராப் பாட்டுகளை வேகம் குறைத்து ஓட்டி, நடுநடுவே வெட்டி, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வரவைத்து, கேசட்டில் பதிந்து வீட்டிலிருந்தே விற்றார். குரல் ஆழமாகி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். இன்று நீங்கள் 'ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்' என்று தலைப்பிட்டு ஏற்றும் இளையராஜா, ரஹ்மான் பாட்டுகளின் கொள்ளுத்தாத்தா அந்தக் கேசட்டுகள். அவற்றில் ரிவெர்ப் கிடையாது. அதைச் சேர்த்தவர்கள் பிந்தைய தலைமுறை. 2017 வாக்கில் அந்தக் கலவையைப் பரப்பிய ஸ்லேட்டர் என்பவரும் ஹூஸ்டன்காரர்தான்.

க்ளவுட் ராப் பீட்டை உங்கள் மென்பொருளில் பிரித்துப் போட்டால் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 கருவியின் நீண்டு இழுக்கும் பேஸ் அடி. வேகம் 140 என்று காட்டினாலும் ஸ்னேர் மூன்றாவது எண்ணிக்கையில் மட்டும் விழுவதால் காதுக்கு 70 போல் படும். சாம்பிளின் உச்ச அதிர்வெண்களை ஃபில்டரில் அரித்து எடுத்திருப்பார்கள். அதனால் பக்கத்து வீட்டில் ஓடும் பாட்டு சுவர் வழியாகக் கேட்பதுபோல் இருக்கும். மேலே ரிவெர்ப் தாராளம். சாதாரண ராப்பில் குரல் முன்னால் நிற்கும், பீட் பின்னால் நிற்கும். இங்கே குரலைப் பீட்டுக்குள் அமிழ்த்திவிடுகிறார்கள். வார்த்தை புரியவில்லை என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொல் வன்மையைப் போற்றிய ஒரு கலை, சொல் பாதி அழிந்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு வந்தது அவர்களுக்கு வலித்திருக்கும். ஆனால் புரியாத குரலுக்கும் ஒரு வேலை உண்டு. நாதஸ்வரத்தில் ஆலாபனை கேட்கும் நாட்டில் அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

2011தான் எல்லாம் ஒன்றாக வெடித்த ஆண்டு. வோல்பி தன் பீட்களைக் குரல் இல்லாமல் 'இன்ஸ்ட்ருமென்டல்ஸ்' என்று இலவசமாகக் கொடுத்தார். ராப்பருக்குப் பின்னால் இருந்த பீட்டைத் தனி இசையாகவே கேட்கலாம் என்று பலருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓக்லண்டின் ஸ்குவாடா பி, மாண்ட்ரே மேன் என்ற இரண்டு நண்பர்கள் மெயின் அட்ராக்ஷன்ஸ் என்ற பெயரில் '808ஸ் அண்ட் டார்க் கிரேப்ஸ் 2' வெளியிட்டார்கள். இந்த வகையில் ஒரே ஒரு தொகுப்பைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் அதைக் கேளுங்கள். அதில் ஃப்ரெண்ட்சோன் என்ற இருவர் குழு செய்த 'பர்ஃபெக்ட் ஸ்கைஸ்' பீட்டில் சோம்பலும் குதூகலமும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. டொராண்டோவில் தி வீக்கெண்ட் அதே ஆண்டில் மூன்று தொகுப்புகளை இலவசமாகக் கொடுத்தார். மூன்றாவதில் 'தி ஃபால்' பாட்டில் வோல்பியின் கை இருக்கிறது.

பெரிய வெற்றி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி ராப்பர் ஏசாப் ராக்கிக்கு. அக்டோபர் 2011இல் வந்த 'லிவ் லவ் ஏசாப்' இலவச மிக்ஸ்டேப்பின் முதல் பாட்டு 'பேலஸ்' உட்பட ஐந்து பீட்கள் வோல்பியுடையவை. நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர் ஹூஸ்டன் ஆள் மாதிரி மெதுவாக இழுத்துப் பாடுகிறாரே என்று சொந்த ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதுவரை ராப் என்றால் எந்தத் தெரு, எந்தப் பேட்டை என்பதுதான் முதல் கேள்வி. கணினிக்கு முன்னால் வளர்ந்த பையனுக்கு ஹூஸ்டனும் பக்கத்துத் தெருதான். ராக்கிக்கு சோனியோடு 30 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. கொட்டிக் கொடுத்த இலவசப் பாட்டு, காசைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஸ்வீடன் கதை இதைவிட விசித்திரம். ஸ்டாக்ஹோமில் யோனத்தான் லியாண்டர் ஹோஸ்தாத் என்ற பையன், எழுத்தாளர் ஒருவரின் மகன், யங் லீன் என்ற பெயரில் 2013இல் 'ஜின்செங் ஸ்ட்ரிப் 2002' பாட்டை வெளியிட்டபோது வயது 16. பீட் போட்டவர்கள் யங் குட், யங் ஷெர்மன் என்ற நண்பர்கள். மூவரும் சேர்ந்து சேட் பாய்ஸ். வாளி போன்ற தொப்பி, குளிர்ந்த தேநீர் டப்பா, ஜப்பானிய எழுத்துகள், பழைய வீடியோ விளையாட்டுப் படங்கள். காணொளிக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் ஆனதாகத் தெரியாது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கலையை வெள்ளைக்காரப் பிள்ளைகள் வேடிக்கையாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தது. முதல் ஆண்டுப் பாட்டுகளைப் பார்த்தால் அதைத் தள்ளிவிட முடியாது. கிண்டல் எது, மனதார எது என்று பாடியவருக்கே தெளிவில்லை. பிற்காலப் பாட்டுகளில் கிண்டல் விலகி, தனக்கென்று ஒரு துக்கம் தெரிகிறது. 2016இல் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் ஓஷனின் 'பிளாண்ட்' தொகுப்பில் அவர் குரல் இருக்கிறது. 2024இல் இங்கிலாந்துப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் '360' பாட்டின் மறுபதிப்பில், தன் நாட்டு நட்சத்திரம் ராபினோடு சேர்ந்து பாடியிருக்கிறார்.

அவரைச் சுற்றி வளர்ந்த டிரெயின் கேங் குழுவும் ஸ்டாக்ஹோம்தான். பிளேட், எக்கோ டூ கே, தாய்பாய் டிஜிட்டல், பீட் போடும் வைட்ஆர்மர். இவர்களில் தாய்பாய் ஸ்வீடனில் தொடர்ந்து தங்க முடியாமல் தாய்லாந்து திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகும் பாட்டு நிற்கவில்லை, ஃபைல்கள் போய்வந்தன. பிளேட்டின் ஆட்டோடியூன் குரல் சிலருக்குத் தேன், சிலருக்கு வேப்பெண்ணெய். நடுநிலை கிடையாது.

கொஞ்சம் கசப்பான பகுதி இது. ஹூஸ்டனின் மெதுவான இசையோடு சேர்ந்தே இருமல் மருந்தும் வந்தது. கோடீனும் புரோமெதசினும் கலந்த சிரப்பைச் சோடாவில் கலந்து குடிக்கும் பழக்கம், பாட்டிலும் படத்திலும் ஊதா நிறமாக, அழகுப் பொருளாக ஆகிவிட்டது. டீஜே ஸ்க்ரூ நவம்பர் 2000இல் 29 வயதில் இறந்தார். உடலில் கோடீனும் வேறு போதைப் பொருள்களும் இருந்தன. அதே டெக்சாஸின் ராப்பர் பிம்ப் சி 2007இல் 33 வயதில் போனார். சிரப்பும் தூக்கத்தில் மூச்சடைப்பும் காரணம் என்றது பிரேதப் பரிசோதனை. ராக்கியின் குழுவுக்கு மூளையாக இருந்த ஏசாப் யாம்ஸ் 2015 ஜனவரியில், 26 வயதில். யங் லீன் 2015இல் மயாமியில் நிலைகுலைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நாள்களில், அவரோடு வேலை செய்த பாரன் மச்சாட் கார் விபத்தில் இறந்தார். சவுண்ட்கிளவுடில் வளர்ந்த லில் பீப் நவம்பர் 2017இல், சுற்றுப்பயணப் பேருந்திலேயே, 21 வயதில். சிரப்பைத் தயாரித்த ஆக்டாவிஸ் நிறுவனமே 2014இல், தவறாகப் பயன்படுகிறது என்று அதன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அந்த மயக்க ஒலியைச் செய்ய மயங்க வேண்டியதில்லை, தம்பிகளே. ஃபில்டரும் ரிவெர்பும் போதும். 'ஐம் காட்' பீட்டைச் செய்தவர் பிசியோதெரபி மாணவர் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, அந்தப் பாட்டெல்லாம் இப்போது எங்கே?

லைம்வயரை 2010 அக்டோபரில் நீதிமன்றம் மூடியது. மிக்ஸ்டேப்கள் பல தங்கியிருந்த மெகாஅப்லோட் தளத்தை 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு முடக்கியது. திருட்டுப் படத்தோடு, சொந்தப் பாட்டை வைத்திருந்தவர்களின் ஃபைல்களும் சேர்ந்து போயின. 2017 ஜூலையில் சவுண்ட்கிளவுட் 173 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, தளமே மூடப்படும் என்ற பீதியில் ரசிகர்கள் பாட்டுகளை அள்ளி அள்ளிச் சேமித்தார்கள். அடுத்த மாதம் முதலீடு வந்து தப்பியது. இலவச மிக்ஸ்டேப்களின் களஞ்சியமாக இருந்த டாட்பிஃப் 2023இல் தள்ளாடியபோது, இணையத்தில் உள்ளதைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் இருந்ததால் அதிலுள்ள லட்சக்கணக்கான தொகுப்புகள் பிழைத்தன.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடி மைஸ்பேஸில் விழுந்தது. சர்வர் மாற்றும் வேலையில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டு, படம், காணொளி எல்லாம் போய்விட்டன என்று 2019 மார்ச்சில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. சுமார் 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிப் பாட்டுகள் என்று கணக்கிட்டார்கள். ஓர் ஆய்வுக் குழு தற்செயலாக முன்பு எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து இன்டர்நெட் ஆர்க்கைவ் மீட்டது 4,90,000 பாட்டுகள். நூற்றில் ஒன்று. லில் பியின் நூற்றைம்பது பக்கங்களும் இருந்தது அங்கேதான். அவருடைய மைஸ்பேஸ் பாட்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் கேட்கக் கிடைக்கின்றன என்றால், யாரோ அவற்றை இறக்கி வைத்துத் தொகுத்ததால்தான். அப்படி இறக்கிவைக்க ரசிகர் இல்லாத, அன்று பத்துப் பேர் மட்டும் கேட்ட பாட்டு? க்ளவுட் ராப்பின் வரலாறு எழுதுகிறவர்கள் பிரபலமானவர்களைப் பற்றி மட்டும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர் மாறாக டீஜே ஸ்க்ரூ. மெதுவாக ஓட்டி ஓட்டித் தேய்த்த அவருடைய இசைத்தட்டுகளை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் வாங்கிப் பாதுகாக்கிறது. கேசட் காலத்து ஆளின் சொத்து பத்திரமாக இருக்கிறது. அவருக்குப் பதினைந்து ஆண்டு கழித்து இணையத்தில் வந்தவர்களின் சொத்து மாயமாகிவிட்டது. இணையத்தில் போட்டால் என்றைக்கும் இருக்கும் என்று யார் சொன்னார்களோ!

சேமிப்பு ஒரு சிக்கல் என்றால், உரிமை இன்னொன்று. 1991இல் ராப்பர் பிஸ் மார்க்கி மீது தொடரப்பட்ட வழக்கில், அனுமதி கேட்காமல் சாம்பிள் எடுத்தது திருட்டு என்று நியூயார்க் நீதிபதி தீர்ப்பெழுதினார். 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்குகிறது அந்தத் தீர்ப்பு. ஃபங்கடெலிக் குழுவின் கிடார் ஒலியில் இரண்டு வினாடியை எடுத்து, சுருதி குறைத்து, லூப் ஆக்கியதற்காக நடந்த வழக்கில், உரிமம் வாங்கு, இல்லையேல் சாம்பிள் எடுக்காதே என்று 2005இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மடோனாவின் 'வோக்' வழக்கில் 2016இல் இன்னொரு நீதிமன்றம், கேட்பவருக்குத் தெரியாத அளவு சிறு துணுக்கு பரவாயில்லை என்றது. அமெரிக்காவிலேயே இன்னும் இழுபறி. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, வெளியான பிறகு 60 ஆண்டு; மெட்டுக்கும் வரிக்கும் வேறு உரிமை. ஏழு வினாடிக்குள் எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடும் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

இந்தச் சிக்கலின் விலையை 'ஐம் காட்' கொடுத்தது. ஒரு தலைமுறையையே மாற்றிய அந்தப் பீட், ஹீப்பின் குரலுக்கு முறையான அனுமதி இல்லாததால் பதினொரு ஆண்டுகள் அதிகாரபூர்வமாக எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் வரவில்லை. யார் யாரோ ஏற்றிய பிரதிகளில்தான் பலரும் கேட்டார்கள்.  2020இல் அனுமதி கிடைத்து முறையாக வெளியானபோது க்ளாம்ஸ் கசினோ, இமோஜன் ஹீப் என்று இரண்டு பெயர்களும் சேர்ந்தே வந்தன. ராக்கியின் 'லிவ் லவ் ஏசாப்' பத்து ஆண்டு கழித்து 2021இல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தபோது சில பாட்டுகள் அதில் இல்லை. முழுத் தொகுப்பு வேண்டுமானால், 2011இல் இறக்கி வைத்தவரின் பழைய கணினியைத்தான் தேட வேண்டும்.

இனி வேண்டுகோள். உங்கள் பழைய பாட்டின் மூல ஃபைல் உங்களிடம் இருக்கிறதா என்று இந்த வாரக் கடைசியில் பாருங்கள். தளத்தில் ஏற்றிய எம்பி3 போதாது. டபிள்யூஏவி கோப்பாக முழுப் பாட்டையும், முடிந்தால் குரல், டிரம், பேஸ் என்று தனித்தனி டிராக்காகவும் எடுத்து வையுங்கள். மென்பொருள் பதிப்பு மாறினால் பழைய பிராஜெக்ட் ஃபைல் திறக்காமல் போகலாம், ஆடியோ கோப்பு திறக்கும். ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டில், நண்பனிடமோ அத்தை வீட்டிலோ இருக்கட்டும். முழுக்க உங்களுக்கே சொந்தமான பாட்டு என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒன்று போடுங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

கூடவே ஒரு சின்ன உரைக் கோப்பு: பீட் யாருடையது, குரல் யாருடையது, வரி எழுதியது யார், சாம்பிள் எந்தப் பாட்டின் எந்த நிமிடத்திலிருந்து, எந்தத் தேதியில் செய்தது. நாளைக்கு ஒரு பாட்டு ஓடிவிட்டால், அனுமதி கேட்கவும் பங்கு பிரிக்கவும் அந்த ஐந்து வரிதான் கைகொடுக்கும். சாம்பிள் எடுத்த பாட்டின் உரிமையாளருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராமல் போகலாம். கேட்ட சாட்சி உங்களிடம் இருக்கும், அதை அனுமதி என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதீர்கள். கேட்க மனமில்லை என்றால் உங்கள் ஊர் நாதஸ்வரக்காரரையோ கோரஸ் பாடும் தோழியையோ அறைக்கு அழைத்துப் பத்து நிமிடம் பதிந்துகொள்ளுங்கள், சம்பளம் கொடுங்கள், அதை வெட்டுங்கள். ரிவெர்பில் அதுவும் நன்றாகவே மிதக்கும்.

பாடியவர் பெயர் தலைப்பில் கொட்டை எழுத்தில் போகும்போது, பீட் போட்டவர் பெயரும் அதே வரியில் போகட்டும். ஏற்கெனவே வெளியிட்டவற்றில் அந்தப் பெயர் விட்டுப்போயிருந்தால் இன்றே திருத்திப் போடுங்கள்.